அக்கா பந்திக்கு வராத ஞாயிறுகள்

என் அக்காவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று. காதோடு பேச்சும் போயிற்று. சித்தூரில் எங்கள் தெருவில் அவளை ஊமை என்பார்கள். வீட்டிலோ அவளைப்போல வாயாடி கிடையாது. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, மீன்காரி எப்படிப் பேரம் பேசினாள், பிரசங்கத்தில் யார் தூங்கி விழுந்தார் என்று நடித்துக் காட்டி நைனாவைச் சிரிக்க வைத்துவிடுவாள். அவள் கைப்பேச்சு முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்கே பாதிதான் புரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

எங்கள் மிஷன் சபையில் ஒரு வழக்கம். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், வளர்ந்தபின் போதகரும் இரண்டு மூப்பர்களும் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் கர்த்தருடைய பந்தியில் அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும். போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அக்காவுக்குப் பந்தி என்றால் உயிர். மாதத்தின் முதல் ஞாயிறு பெரியவர்கள் எழுந்துபோய் முழங்கால் போடும்போது, பாயில் உட்கார்ந்தபடியே எட்டி எட்டிப் பார்ப்பாள். எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினெட்டு ஆன வருஷம் நைனா எங்கள் இருவரையும் கேள்விக்கு அனுப்பினார். நான் படித்த பாடத்தையெல்லாம் கையால் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"நீ கூட நின்னுக்கினு அவ கை காட்டறத ஐயருக்குச் சொல்லுடா" என்றார் நைனா.

ஆலயத்தை ஒட்டிய அறையில் என் முறை நன்றாகவே முடிந்தது. மனப்பாடம்தானே. பிறகு ஐயர் அக்காவைப் பார்த்து, "இயேசு யாருக்காக மரித்தார்?" என்று கேட்டார். நான் அதைக் கையால் கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்து, தலையைத் தொங்கவிட்டு, தொண்டையிலிருந்து பெரிதாக ஒரு முனகல் விட்டாள். அப்புறம் தன்னைத் தொட்டாள், என்னைத் தொட்டாள், மூப்பர்களையும் ஐயரையும் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டிருந்த பையன்களையும் ஒவ்வொருவராகக் காட்டினாள். அவள் முனகலைக் கேட்டு அந்தப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். எல்லாரும் என் வகுப்புக்காரர்கள்.

"என்னப்பா சொல்றா?" என்றார் ஐயர்.

"ஒண்ணுமில்லீங்க ஐயரே. அவளுக்குக் கேள்வியே புரியல."

அன்று அந்த அறையில் அவ்வளவு சரியான பதிலை வேறு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. "சரி, வர்ற வருசம் பாக்கலாம்" என்று ஐயர் புத்தகத்தை மூடிவிட்டார்.

மறு வருஷம் அக்கா போகவில்லை. நைனா எவ்வளவு கூப்பிட்டும் தலையை ஆட்டிவிட்டாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. தன்னால் முடியாது என்று நம்பிவிட்டாள் போலும் என்று நினைத்தேன். பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பிறகு திருப்பதியில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. நைனாவும் அம்மாவும் காலமானபின் அக்கா என்னோடு வந்துவிட்டாள். மலையேற வந்தவர்களால் ஊர் நிரம்பி வழியும். நாங்கள் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு சின்ன ஆலயத்தில் கூடுவோம். பந்தி மேஜையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொண்டுவருபவள் அக்காதான். அதைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் முன்னால் போய் முழங்கால் போடுவேன். அடுத்த மாதம் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்றே இருபது வருஷத்தை ஓட்டினேன்.

அவள் நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்தபோதுதான், எங்கள் சபைக்கு வந்திருந்த புது ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைவிட வயதில் சிறியவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி வருசம் அந்த அப்பம் உங்க தொண்டையில எப்படி எறங்கிச்சு, வாத்தியாரே?"

அவர் உடனே அப்பமும் பாத்திரமுமாக வீட்டுக்கு வந்தார். அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்கா அந்தத் துண்டு அப்பத்தை வெகுநேரம் மென்றாள். அவள் வாழ்நாளில் எடுத்த பந்தி அது ஒன்றுதான். அடுத்த முதல் ஞாயிறுக்கு அவள் இல்லை.

அப்பம் கொடுத்த அன்று, ஐயர் போனபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அறையில் நான் சொன்னது பொய் என்று கையால் சொன்னேன். தெரியும் என்றாள். என் முகத்தைப் பார்த்தே அப்போதே தெரிந்துவிட்டதாம். பின்னே மறு வருஷம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். படுத்தபடியே மெல்லக் கைகளை அசைத்துச் சொன்னாள்: நான் போனால் நீதானே மறுபடியும் பக்கத்தில் நிற்க வேண்டும். பையன்கள் சிரிப்பார்கள். உனக்கு வெட்கமாயிருக்குமே.