ஹீற்றர்ப் பக்கத்துக் கட்டில்

எண்பதுகளின்ரை நடுவில, டென்மார்க்குக்கு வந்த புதிசில, அகதி முகாமில ஒரே அறையில நானும் ஒரு அண்ணையும். என்னைவிட இரண்டு வயசு மூப்பு. எனக்கு ஒரு கிழமை முந்தி வந்து, அறையைச் சூடாக்குற ஹீற்றர்ப் பக்கத்துக் கட்டிலைப் பிடிச்சிட்டார். எனக்கு ஜன்னல் கட்டில். மாசிக் குளிர் கண்ணாடிக்குள்ளால வந்து என்ரை முதுகில குடியிருந்தது. கட்டிலை மாத்துவமோ எண்டு வாய்விட்டுக் கேட்க மானம் விடேல்லை.

அதுக்கெண்டே ஒரு விளையாட்டு வந்து வாய்ச்சுது. பக்கத்துப் பட்டணமான சில்க்போர்க்கில இருந்து பஸ்ஸில வந்து எங்களுக்கு டேனிஷ் படிப்பிச்ச வாத்தியாருக்கு ஷோகி எண்ட யப்பான் சதுரங்கத்தில பைத்தியம். அதிலையும் பெரிய வகை: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம், தொண்ணூற்றிரண்டு காய். அவர் எங்களுக்கும் பழக்கிவிட, பால் பெட்டி மட்டையில காய் வெட்டி, பேரைத் தமிழில எழுதினம். "வெல்லுறவருக்கு ஹீற்றர்க் கட்டில்" எண்டன். அண்ணை சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டார்.

மூத்தவர் இருக்க நான் முந்துறதோ? "நீங்களே தொடங்குங்கோ அண்ணை" எண்டு விட்டன். தோத்தன். அடுத்த நாளும் விட்டன், தோத்தன். நாலாம் தோல்வியோட எனக்கு ஞானம் பிறந்தது: முதல் காய் நகர்த்துறவர்தான் வெல்லுவார், என்ரை மரியாதைதான் என்னைக் கெடுக்குது.

வாத்தியாரிட்டை முறையிட்டன். "இவ்வளவு பெரிய பலகையில ரெண்டு படையும் முட்டவே கனக்க நகர்த்த வேணும். அதுக்குள்ள முந்தினவரின்ரை லாபம் கரைஞ்சுபோயிடும்" எண்டார். மனுசனுக்கு விளையாட்டே தெரியாது எண்டு முடிவெடுத்தன்.

அண்ணையோட சண்டைக்குப் போனன். "சரி, நீரே தொடங்கும்" எண்டார். தோத்தன். இன்னும் சமப்படுத்த வேணும் எண்டன். ஒரே முறையில ரெண்டு தரம் நகருற சிங்கம்தான் அதில பெரிய காய். அண்ணை தன்ரை சிங்கத்தையே எடுத்து அங்கால வைச்சிட்டு விளையாடினார். சிங்கமில்லாத படையிட்டையும் தோத்தன். ஆத்திரத்தில காயெல்லாத்தையும் தட்டிவிட்டன். தட்டின கையோட இருமல் பிடிச்சுது. ஜன்னல் குளிரில படுத்து, மூண்டு கிழமையா அந்த இருமல்தான்.

அண்ணை எழும்பித் தன்ரை போர்வையைச் சுருட்டிக்கொண்டுபோய் ஜன்னல் கட்டிலில போட்டார். "நீர் ஹீற்றரடியில படும்."

"நான்தானே அண்ணை தோத்தது."

"உம்மட இருமலில எனக்கு நித்திரையே இல்லை. குளிருது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முதல் நாளே மாறியிருப்பன்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் விளையாடினீங்கள்?"

"கட்டிலெண்டு நீர் பகிடிக்குச் சொன்னீர் எண்டு நினைச்சன். ஆசையாக் கூப்பிட்டீர், மாட்டனெண்டு சொல்ல மனம் வரேல்லை. எனக்கு இந்த விளையாட்டு அறவே பிடிக்காது."

போய்ப் படுத்தன். ஹீற்றர் முதுகைச் சுட்டுது. முகம் அதைவிடச் சுட்டுது.