அறுந்த நாலு இழை

செவிலிமேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள், கூட்டமில்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். கூரம் போங்கள், பழைய கோயில் இருக்கிறது என்பேன். தறி பார்க்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் எனக்குச் சட்டென்று வாய் வராது.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா வாடகைக் கார் ஓட்டினார். கோயில் பார்க்க வருகிறவர்களை எங்கள் வீட்டுக்கும் அழைத்து வருவார். தறி பார்க்காமல் போனால் காஞ்சிபுரம் பார்த்த கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. எங்களுடையது குழித்தறி. அப்பா தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, கீழே கட்டையை மிதித்து நெய்வார். பார்க்கிறவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான் தெரியும்.

அன்று ஒரு புருஷனும் பெண்சாதியும், என் வயதில் அவர்கள் மகளும் வந்தார்கள். அவர்களை உள்ளே விட்டுவிட்டு மாமா காரைத் திருப்பப் போனார். அப்பா குறுக்கே ஓடும் நாடாக்கட்டையில் நூல் மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் காதில் கேட்டாள்.

“உங்கப்பா ஏன் எழுந்து ஹலோ சொல்ல மாட்டேங்கறாரு? எங்கப்பா மலையெல்லாம் ஏறுவாரு, தெரியுமா?”

அவள் அப்பாவின் ஷூ வாசலில் பளபளவென்று கிடந்தது. என் அப்பா எழுந்தால் கிழிந்த கைலி தெரியும்.

“எங்கப்பாவுக்குக் கால் இல்ல,” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவள் கத்தினாள். “அம்மா, இந்த அங்கிளுக்குக் கால் இல்லையாம்மா!”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்த நிலைமையிலயும் நெய்யறீங்களே சார்! கொஞ்சம் நெய்து காட்டுங்களேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு முறைதான்.

நெய்தால் மிதிக்க வேண்டும். மிதித்தால் முட்டி மேலே எழும். அப்பா தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் குனிந்தார்.

“இழை அறுந்துடுச்சு சார். முடிச்சு போடணும். நேரமாவும்.”

மாமா உள்ளே வந்தார். “இன்னா மச்சான், உக்காந்துகினே இருக்கற? இன்னும் மாப்பிள்ளை முறுக்கு போவலயா? எழுந்து வா, சாரோட போட்டோ புடிக்கலாம்.”

அந்த அம்மாள் மாமாவை முறைத்தார்.

“நீ நின்னு எடுத்துக்கோ பா. எனக்கு வேலை இருக்குது,” என்றார் அப்பா.

அரை மணி நேரம் இருந்தார்கள். அப்பா அசையவில்லை. கடைசியில் மாமாதான், “கூரத்துக்குப் போலாம் சார். அங்க இப்பிடி ஒரு கோயில் இருக்கறதே யாருக்கும் தெரியாது,” என்று கிளப்பினார். போகும்போது அந்தப் பெண் தன் சாக்லெட் பெட்டியை என் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

கார் போன பிறகு அப்பா எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தரையில் தட்டினார். அடிப்பார் என்று நின்றேன். என்னைத் தாண்டிக் குழாயடிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா தறியில் குனிந்து பார்த்தாள். “பக்கத்துப் பக்கத்துல நாலு இழை. எப்பிடி அறுந்துது?”

“நூலு சரியில்லமா,” என்றார் அப்பா.

காரில் அவர்கள் மாமாவிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. அதற்குப் பிறகு மாமா யாரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவில்லை.

பதினாறு வயதில் நானும் அதே குழியில் கால் விட்டு உட்கார்ந்தேன். பட்டுப் பாவில் நாலு இழை சேர்ந்தாற்போலத் தானாக அறாது. விரலில் சுற்றி இழுத்தால்தான் அறும். அப்பா இப்போதும் நெய்கிறார். இதுவரை நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து சாக்லெட் தின்றேன். நல்ல வேளை, நேரம் பார்த்து நூல் அறுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.