எல்லாருக்கும் போன வரி

என் கணவருக்குத் தட்டச்சு வராது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துவார். நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அதனால் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது விசைப்பலகை என் பக்கம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களோடு அவர் பேசும் ரேடியோ எப்போதும் போல அவர் பக்கம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மைசூருக்கு இன்டர்நெட் வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. எங்களுடையது படம் எதுவும் வராத, எழுத்து மட்டும் வரும் இணைப்பு. மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் கறுப்புத் திரையில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னும். அங்கிருந்து வெளிநாட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போய், ரேடியோ லைசென்ஸோடு என் கணவருக்குக் கிடைத்திருந்த அழைப்புக்குறியைக் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்கள் அதைக் கிளஸ்டர் என்பார்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு நிலையத்தை ரேடியோவில் கேட்டால், அதன் அழைப்புக்குறியையும் அலைவரிசை எண்ணையும் ஒரு வரியாகத் தட்டிவிடுவார். அந்த வரி, இணைப்பில் இருக்கும் எல்லாருடைய திரையிலும் விழும். பார்த்தவர்கள் தங்கள் ரேடியோவை அந்த எண்ணுக்குத் திருப்பிக்கொள்வார்கள்.

கட்டளைகள் பத்துப் பன்னிரண்டுதான். கடைசிப் பத்து வரிகளைக் காட்டச் சொல்ல ஒன்று. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒன்று. ஒருவரோடு மட்டும் பேச 'டாக்'. அதற்கு டி என்று ஓர் எழுத்துப் போதும். எல்லாருக்கும் சொல்ல 'அனவுன்ஸ்', அதற்கு ஏ. வெளியேற 'பை'. இரண்டே வாரத்தில் என் விரல்கள் இவற்றைப் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் உட்காருவோம். முதல் காரியமாக நான் ஏ போட்டு, மைசூரிலிருந்து இன்ன எண்ணில் இருக்கிறோம் என்று எல்லாருக்கும் ஒரு வரி அனுப்புவேன். பிறகு திரையைப் பார்த்து எண்களைப் படிப்பேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டயலைத் திருப்புவார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கு ஷிஃப்டு, எனக்கு அலுவலகம், மகளுக்குப் படிப்பு என்று ஓடிய வீடு எங்களுடையது.

அவருக்குச் சொந்த ஊர் ராமாபுரம். கொள்ளேகாலத்தில் படித்து, மைசூரில் ஒரு தொழிற்சாலையின் ஃபோர்ஜிங் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். காய்ச்சிய இரும்பைச் சுத்தியல் எந்திரம் அடிக்கும் இடம். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றவர், வீட்டுக்கு வந்ததும், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸின் மெல்லிய கீக்கீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காருவார். அதில் அவருக்கு என்ன சுகம் என்று நான் கேட்டதில்லை. பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிறு நான்கு மணிக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர், தமிழர். இரண்டு பேரும் ஆங்கில எழுத்தில் தமிழை மோர்ஸாக அனுப்பிக்கொள்வார்கள். அங்கே மழையா, இங்கே வெயிலா, மகள் பாஸ் பண்ணிவிட்டாளா, இவ்வளவுதான் பேச்சு. ஒன்பது வருடமாக அப்படி. நேரில் பார்த்ததில்லை. தபாலில் ஒருமுறை ஃபோட்டோ மாற்றிக்கொண்டார்கள்.

முதலில் கவனித்தவள் மகள். "அப்பா டிவிய ரொம்ப ஜோரா வெக்கறாரும்மா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்கறாங்க" என்றாள். நான் அவரிடம் சொன்னேன். "அந்தப் பொட்டி பழசாயிருச்சு, அம்மிணி" என்றார். நானும் நம்பினேன். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதை யோசனையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டால் "நாளைக்கி ரெண்டாவது ஷிஃப்டு" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிறு, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு தீவின் நிலையம் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பல மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த தீவு. அதன் அழைப்புக்குறியைத் தட்டிக் கிளஸ்டரில் தேடினேன். ஒரு வரி வந்தது. எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அப்போதெல்லாம் படிப்பதற்குப் பதிலாக எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார். ஹெட்போனைக் கழற்ற வேண்டாமே என்று காரணம் சொன்னார்.

டயலைத் திருப்பினார். கண்ணை மூடினார். "வந்துட்டான். நல்லாக் கேக்குது" என்றார். மோர்ஸ் அனுப்பும் சாவியைத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார். பேசிய நிலையங்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதி, அந்தத் தீவின் அழைப்புக்குறியை எழுதினார். "ஆச்சு, அம்மிணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கும் சந்தோஷம். மறுபடி திரையைப் பார்த்தேன். அந்த வரியில் இருந்த தேதி முந்தின நாளுடையது.

அவர் முகம் கழுவப் போனதும் ஹெட்போனை எடுத்து என் காதில் வைத்தேன். வெறும் இரைச்சல். அவர் திரும்பி வரும்வரை கேட்டேன், இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. டீ போடப் போனேன்.

அடுத்த ஞாயிறு அவருக்கு அவசர வேலை வந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். அவர் வரமாட்டார் என்று ஈப்போக்காரருக்குச் சொல்வதற்காக நான் மட்டும் கிளஸ்டருக்குள் போனேன். டாக் போட்டுச் சொன்னேன். பதில் வந்தது. "தங்கச்சி, ஒன்று கேட்கலாமா? நான்கைந்து வாரமாக நான் ஒன்று கேட்டால் அவர் வேறு ஒன்று சொல்கிறார். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். மிக்க மகிழ்ச்சி என்று அனுப்பினார். என்மேல் ஏதாவது வருத்தமா?"

அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பட்டது. ஆங்கிலத்தில் ஒரே வரியாகத் தட்டினேன். என் கணவருக்குக் காது மிகவும் குறைந்துவிட்டது. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மறுபடி அனுப்புங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டது போல நடிக்கிறார். தயவுசெய்து மெதுவாக அனுப்புங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். இவ்வளவும் எழுதி என்டரை அழுத்தினேன்.

திரையில் அந்த வரி திரும்பி வந்தது. அதன் தொடக்கத்தில் 'எல்லாருக்கும்' என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழக்கம். மனம் எங்கோ இருக்க, விரல் டி-க்குப் பதிலாக ஏ-யை அழுத்தியிருந்தது. கிளஸ்டரில் போன வரியைத் திரும்பப் பெறக் கட்டளை கிடையாது. எனக்குத் தெரிந்தவற்றை எல்லாம் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றே அது ஒவ்வொரு முறையும் சொன்னது. அதைவிட, நான் உள்ளே நுழைந்திருந்தது அவருடைய அழைப்புக்குறியில். உலகம் முழுக்க அவர் குறியைத் தாங்கித்தான் அந்தச் செய்தி போயிருந்தது.

ஒரு நிமிடத்துக்குள் பதில்கள் வரத் தொடங்கின. முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் வருத்தம் தெரிவித்தார். ஒருவர், சத்தத்தைத் தாழ்ந்த சுருதியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஃபின்லாந்திலிருந்து ஒருவர், தன் தகப்பனார் ஸ்பீக்கர்மேல் விரலை வைத்து அதிர்வாலேயே மோர்ஸைப் படித்தார் என்று எழுதினார். எல்லாரும் நல்லவர்கள்தான். பை என்று தட்டிவிட்டு மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க நினைத்தேன். காலையில் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

கடைசியாக வந்த அறிவிப்புகளைக் காட்டச் சொல்லவும் கிளஸ்டரில் ஒரு கட்டளை உண்டு. நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை, அதனால் எனக்கு நினைவில் இல்லை. அவருக்கு நினைவிருந்தது. அவருக்கு அன்று இரண்டாவது ஷிஃப்டு. மதியத்துக்குமேல் போக வேண்டியவர். நான் சாயங்காலம் வந்தபோது வேலைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. மடியில் லாக் புத்தகம் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைத்து, நேராக.

நான் அவர் எதிரே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ தப்பா விழுந்துருச்சுங்க" என்றேன். "சம்சாரம் ஆஸ்பத்திரின்னு அவரு சொன்னதுக்கு நீங்க சந்தோசம்னு அனுப்புனீங்களாம். அவருக்கு மட்டும் பதில் போடத்தான் போனேன்."

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்தது போலத் தலையை ஆட்டினார். பிறகு, "அவரு சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அதுக்கா சந்தோசம்னு அனுப்புனேன்." பேனாவை மூடினார். "உன்னோடது பரவால்ல, அம்மிணி. அது நெசந்தான்."

எத்தனை மாதமாக என்று எழுதிக் கேட்டேன். ஒன்றரை வருடமாக மோர்ஸ் மங்கி வந்ததாம். கடைசி ஆறு மாதம் அனேகமாக ஒன்றும் கேட்கவில்லையாம். "அப்புறம் எதுக்குங்க உக்காந்தீங்க?" என்றேன். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நீ வந்து உக்காந்து ஆசையாத் தட்டிக்கிட்டு இருந்தே. ஒண்ணும் கேக்கலைன்னு எப்பிடிச் சொல்றது?"

நான் உள்ளே போய் அழுதேன். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்காது என்பது அழும்போதுதான் உறைத்தது.

காதுமூக்கு டாக்டர், ஷெட்டின் சத்தத்தால் நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார். காதில் வைக்கும் கருவி ஒன்று கொடுத்தார். அது பாத்திரம் விழும் சத்தத்தைப் பெரிதாக்கியது, பேச்சைப் பெரிதாக்கவில்லை. அவர் அதை டப்பாவிலேயே வைத்துவிட்டார். வேலையில் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ரேடியோமேல் துணி போட்டு மூடியிருந்தது. மூன்று மாதம் கழித்து, என்ன தோன்றியதோ, ஒரு ஞாயிறு அவராகவே துணியை எடுத்தார். ஈப்போக்காரரிடம் மிக மெதுவாக அனுப்பச் சொல் என்றார். நான் டி என்ற எழுத்தை மூன்று முறை சரிபார்த்து அனுப்பினேன். ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காகிதக் கூம்பின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தத்தை முழுக்க வைத்திருந்தோம். வீடே அதிர்ந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மற்ற கையால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். வி. ஏ. என். எழுத்துக்கு எழுத்து நெற்றி வியர்த்தது. வணக்கம் என்று முழுதாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது அவருக்குப் பிடிபடவில்லை. பாதி எழுத்து, ஒரு கோடு, பாதி எழுத்து. ஐந்து நிமிடம் அப்படியே போனது. பிறகு விரலை எடுத்தார். வணக்கம், நன்றி என்று சாவியில் அனுப்பிவிட்டு ரேடியோவை அணைத்தார்.

திரையில் ஈப்போக்காரர் கேட்டிருந்தார்: "கிடைத்ததா?"

என்ன போட என்று அவரைப் பார்த்தேன். "ஒரு வார்த்த கெடைச்சுதுன்னு போடு" என்றார். போட்டேன். "சம்சாரம் எப்பிடி இருக்காங்கன்னு கேளு." கேட்டேன். மறைந்துவிட்டாள், இரண்டு மாதம் ஆகிறது, அதைத்தான் இப்போது சாவியில் சொன்னேன் என்று பதில் வந்தது. நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. அவரே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு துணியை அவர் எடுக்கவே இல்லை. ஈப்போவுக்குக் கடிதம் எழுதினார். நான் டைப் செய்து தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்து போனது. நான் கிளஸ்டருக்குள் போவதை விட்டுவிட்டேன். அந்தக் குறியில் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் ரேடியோ கிளப்புக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட முடிவு செய்தார். எடுத்துப் போக வந்தவர் அங்கே லெக்சரர், மரியாதையான மனிதர். கன்னடத்தில் நிறையப் பேசினார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சாமான் ஏற்றிய ஆட்டோ தெரு முனை திரும்பியதும் என் கணவர் என்னைக் கேட்டார்: "என்ன சொன்னாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. உதட்டை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னேன். "எப்பவாச்சும் வேணும்னு தோணுனா திருப்பிக் கொண்டாந்து தரட்டுமான்னு கேட்டாருங்க. நீங்க தலையாட்டுனீங்க."

அவர் தெரு முனையைப் பார்த்தார். "ஆட்டுனனா?" என்றார். "சரி, இருக்கட்டும்."

லெக்சரர் பிறகு வரவில்லை. நாங்களும் கேட்டு அனுப்பவில்லை.