வாயில் வைத்த பொட்டு

"அக்கா, பேஜு தெறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கினே கீது. மத்தியானம் கம்பெனி டெஸ்டு. இதுவும் போச்சுன்னா என் வேல ஐடியை கட் பண்ணிடுவாங்க."

போனில் புவனா அழவில்லை. அழுகையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். அதற்கும் ஒரு சத்தம் உண்டு, கேட்டவர்களுக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை என்னுடையது. ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். அவர் போன பிறகு பூட்டிய ஷட்டரைத் திறந்தவள் நான். படித்து வந்த வேலை இல்லை. கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, யூடியூபில் தேடிப் பார்த்து வந்தது. "பொம்பளையா மதர்போர்டு பாக்கப் போறா?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு. "பேர்லயே மதர் கீது, வேற யாரு பாக்கறது?" என்பேன்.

புவனாவின் வீடு கவரைப்பேட்டைப் பக்கம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் சரிபார்க்கும் வேலை. எல்லாமே வெப் பேஜில்தான். இந்த வேலை போனால் சிப்காட் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறிப் பேக்கிங் லைனில் நிற்க வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மாமனார் முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"நெட்டுக்காரன் பெரிய பிளான் போடுன்றான். போட்டுடலாமா?" என்றார்.

"மொதல்ல எங்க அடைப்புன்னு பாப்போம்."

"அது நாயம். ஏரில தண்ணி இல்லியா, மடைல அடைப்பா, அத்த பாக்காம வானத்த திட்டக் கூடாது."

என் கடைக்குத் தொழில் கற்க வரும் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதே வீட்டு வைஃபையில் புவனாவின் போனில் அதே பேஜைத் திறந்தேன். பட்டென்று வந்தது. ஆக, ஏரியில் தண்ணீர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வேறு பிரவுசரில் திறந்தேன், அதிலும் சுற்றியது. எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் எதுவும் திணறவில்லை. பிறகு ரௌட்டருக்கு பிங் கொடுத்தேன், 'இருக்கியா' என்று கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி. கையெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டி, கூப்பிட்டால் பாதி நேரம் பதில் இல்லை. நூறில் இருக்க வேண்டிய லிங்க் ஸ்பீடு வெறும் பத்தில் நின்றது. கம்ப்யூட்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு லேன் கேபிள். புதுக் கேபிள் மாட்டினேன். அதே கதை.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திருப்பி டார்ச் அடித்தேன். கேபிள் நுழையும் லேன் போர்ட்டுக்குள் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"மாமா ஆயுத பூஜைக்கு வெச்சது," என்றாள் புவனா மெதுவாக.

அவருக்கோ பெருமை. "முன்னாடி வெக்கறது ஊரு பாக்க வெக்கறது. மில்லுல கம்பி பூர்ற வாய்ல வெச்சாத்தான் மெஷினுக்கு வெச்ச மாதிரி. இதுக்கு வாய் எங்கன்னு தேடிக்கினு இருந்தேன். ஒயரு பூர்ற எடம் அதுதானே?"

வாய் அதுதான். மனிதர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஈரச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் ஒயரைச் செருகி, உள்ளே இருக்கும் பின்கள் எல்லாவற்றிலும் அப்பிவிட்டார்.

பையிலிருந்து கிளீனிங் ஸ்பிரிட்டையும் பிரஷையும் எடுத்தேன்.

"நில்லும்மா." எழுந்தே விட்டார். "வெச்ச பொட்ட அழிக்கக் கூடாது. சோறு போடுற மெஷினு. அதுவும்…" நிறுத்தினார். "நீ தொட வாணாம். வேற ஆள அனுப்பு."

அவர் விழுங்கியது என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். புருஷன் இல்லாதவள் கையால் பொட்டு அழியக் கூடாது.

"நைனா," என்றேன், "எங்க ஊட்டுக்காரு போனப்ப என் நெத்தில இருந்தத கூட்டமா வந்து அழிச்சாங்க. மறுநாளு நானே எடுத்து வெச்சிக்கினேன். இதோ, பாத்துக்கினுதானே பேசறீங்க? இன்னா ஆயிடுச்சு? கட ஓடுது, நான் ஓடறேன்."

"மில்லுல எந்தப் பொம்பளையும் இப்டி பேசினதில்ல."

"மில்லுக்குள்ள எங்கள எங்க உட்டீங்க, பேசறதுக்கு?"

அவர் வாய் திறக்கும் முன் புவனா போய் சுவிட்சை அணைத்து பவர் கேபிளைப் பிடுங்கினாள். "அக்கா, நீ துடை. மாமா, நீங்க வெச்சது என் நல்லதுக்குத்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இதுல வேல செய்யறது நான். நான்தான் துடைக்கச் சொல்றேன்."

துடைத்தேன். பிரஷில் சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு கேபிளை மாட்டினேன். லிங்க் ஸ்பீடு நூறு. பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. பேஜ் திறந்த வேகத்தில் புவனா சிரித்தே விட்டாள். டெஸ்ட் முடியும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். ஐடி தப்பியது.

கிளம்பும் முன் சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்து, கேபினட்டின் முன்பக்கம் நானே ஒரு பொட்டு வைத்தேன். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காபி வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். போகட்டும். நான் காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பிள்ளைகளா, நெட் லைனைக் குறை சொல்லும் முன் ரௌட்டருக்கு பிங் போடுங்கள். கேபிளை மாற்றினால் போதாது, அது நுழையும் ஓட்டையையும் பாருங்கள். "அங்க கை வெக்காதே" என்று யாராவது ஓர் இடத்தைக் காட்டினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, டார்ச்சை முதலில் அங்கேதான் அடிக்க வேண்டும்.