சட்டைப்பை இல்லாதவளுக்கு டிப்ஸ்

எங்கள் வீட்டு மிக்ஸி புகைந்து செத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமும் இட்லிக்குப் பொடிதான். “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று, அவர் தட்டில் ஒரு கரண்டி பொடியைக் கூடுதலாகவே போட்டேன். அந்தச் சமயத்தில்தான் சித்தூரில் எங்கள் தெருவில் கார் வாடகைக்கு விடுகிறவர் வந்து நின்றார். ஜப்பானிலிருந்து ஒரு அம்மா வந்து திருப்பதியில் தங்கியிருக்கிறார்களாம். சனிக்கிழமை காளஹஸ்திக்குப் போய்க் கலம்காரித் துணி பார்க்க வேண்டுமாம். கூடப் போய்ப் பேச ஒரு இங்கிலீஷ் டீச்சர் தேவை.

எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் அப்படிக் கேட்கலாமா? முழுங்கிவிட்டேன். அவரே சொன்னார்: “சம்பளம்னு ஒண்ணும் பேசல மேடம். டிப்ஸ்தான். பாத்து குடுப்பாங்க.”

சரி, மிக்ஸி வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

டிரைவர் புத்தலப்பட்டுக்காரர். சித்தூரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு, திருப்பதி லாட்ஜில் அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், தொப்பி போட்டிருந்தார், கையில் ஓர் அச்சடித்த தாள். இந்தியாவில் யார் யாருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருந்தது. பாவம், அதைப் படித்துப் படித்து நேற்று இரவெல்லாம் தூக்கமே இல்லையாம். தங்கள் ஊரில் டிப்ஸ் வழக்கமே கிடையாது, மேஜையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள் என்றார். இதை நான் தமிழில் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“வெளங்கிடும் மேடம்” என்றார்.

முதல் கூத்து டிபன் சாப்பிட்ட ஓட்டலிலேயே நடந்தது. அந்த அம்மா பையிலிருந்து பூப்போட்ட சின்னக் கவர் ஒன்றை எடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் சர்வரிடம் நீட்டி, குனிந்து வணங்கினார். சர்வர் பதறிப்போய்த் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பக்தியோடு வாங்கிக்கொண்டார்.

“பெள்ளி எப்புடு மேடம்? மண்டபம் எங்க?” என்று என்னைக் கேட்டார்.

“கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. டிப்ஸுப்பா அது. பிரிச்சிப் பாரு.”

பிரித்தார். ஒரு இருபது ரூபாய் நோட்டு. “மொய் கவரா? கூட ஒரு ரூபா காசு வெக்கலியே” என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரில் ஏறியதும் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். எனக்கு அதில்தானே பிழைப்பு. கவரெல்லாம் கூடாது. கையிலும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் கை தள்ளிவிடும். நோட்டை நாலாக மடித்து நேராகச் சட்டைப்பையில் சொருகிவிட வேண்டும். வாங்குகிறவர் மரியாதைக்காக மூன்று தடவை வேண்டாம் என்பார், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளக் கூடாது.

“உண்மையாகவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால்?” என்று கேட்டார்.

“அப்படி ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை” என்றேன். அதையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

காளஹஸ்தியில் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர்மேல்தான் முதல் சோதனை. மடித்த நோட்டோடு ஒரு வெளிநாட்டு அம்மா மார்பைக் குறிபார்த்து வருவதைப் பார்த்து அந்த மனிதர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். அந்த அம்மா விடவில்லை, சொருகிவிட்டுத்தான் நிமிர்ந்தார். எட்டிப் பார்த்தேன். ஐந்நூறு ரூபாய்! எனக்கு வந்ததே கோபம். அதைத் திரும்ப வாங்கிவிட்டு என் பர்சிலிருந்து பத்து ரூபாயைச் சொருகினேன். “உங்கள் செருப்பே அவ்வளவு பெறாது. நீங்கள் பாட்டுக்கு ரேட்டைக் கெடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். நாளைக்கு நாங்கள் இங்கேதானே செருப்பு விட வேண்டும்? நான் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது” என்று வகுப்பில் திட்டுவதுபோலவே திட்டினேன். அந்த அம்மா தலையைத் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் யாருக்குக் கொடுப்பதென்றாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். கலம்காரிப் பட்டறையில் டீ கொண்டுவந்தவருக்கு இருபது. கார் நிறுத்த இடம் காட்டியவருக்குப் பத்து. கையே காட்டாமல் சும்மா நின்றவருக்கு ஒன்றுமில்லை. ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. “அவுங்க சந்தோசமா குட்த்துக்கினு போறாங்க. நீங்க இன்னாத்துக்கு மேடம் கொறைக்கிறீங்க? உங்க ஊட்டு துட்டா?”

“நீங்க ரோட்ட பாருங்க” என்றேன்.

சாயங்காலம் திருப்பதி லாட்ஜ் வாசலில் இறங்கினோம். டிரைவருக்கு ஐந்நூறு என்று தீர்ப்பாகியிருந்தது. அவர் “வேணாம்மா, வேணாம்மா” என்று சொல்லிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்திப் பையை வாகாகக் காட்டினார். அந்த அம்மா அழகாகச் சொருகினார். எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து என் பக்கம் திரும்பினார். என் கண்முன் மிக்ஸி ஓடியது.

“உங்களுக்கும்...” என்று பைக்குள் கையை விட்டார்.

“ஐயையோ, எனக்கெதுக்கு? நோ, நோ, நோ” என்றது என் வாய். எண்ணி மூன்று தடவை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே நோட்டுகளை மடித்து என் நெஞ்சை நோக்கி வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். புடவையில் ஏது பை? கைப்பையையாவது திறந்து வைத்திருக்கலாம். அதை வெட்கத்தில் கக்கத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பணத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கார் கிளம்பியதும் டிரைவர் ஆரம்பித்தார். “ஜோபி இல்லாம வந்துட்டு வேணாம் வேணாம்னா, அவுங்க எங்க மேடம் சொருவுவாங்க?”

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த அம்மாமேல் ஒரு கோபமும் இல்லை, என் வாயைத்தான் தைக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் பொடி. தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கித் திரும்ப நடந்தேன்.

அந்த அம்மா லிஃப்ட்டுக்குக் காத்திருந்தார். “எனக்கு வேண்டும்” என்றேன்.

பதினெட்டு வருஷம் டீச்சராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேனே தவிர, எனக்கு வேண்டும் என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. காது இரண்டும் சுட்டது.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பையிலிருந்து நோட்டுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கேட்ட அதே பணிவோடு கேட்டார்: “எவ்வளவு?”

ஊருக்கெல்லாம் ரேட் போட்டவள் இப்போது எனக்கே ரேட் போட வேண்டியிருந்தது. “மூவாயிரம்” என்றேன். மிக்ஸியின் விலை.

ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி, இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் கையில் இன்னும் அதே கனத்துக்கு நோட்டுகள் மீதி இருந்தன.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். “இது எல்லாமே உங்களுக்காக எடுத்து வைத்ததுதான். ஆனால் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, இல்லையா?” என்றார். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைபோல் சிரித்தபடி மீதியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் தேங்காய்ச் சட்னிதான். காலையில் மிக்ஸியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொள்கிறேன்.