காது வெட்டிய பூனைகள்

1. எங்கள் தெருவில் திரிந்த பூனைகளில் ஆறைப் பிடித்துக் கருத்தடை செய்வித்தோம். அடையாளத்துக்கு இடது காதின் நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டோம்.
2. அந்தப் பூனைகள் எங்கள் பராமரிப்பில் இருப்பதாக கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்.
3. வீட்டுக்கார அம்மா அதைப் படித்தார்.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பூனைகளும் வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டன. அவற்றைக் கூண்டுக்குள் கூப்பிட்டுக் கொடுத்தது எங்களில் ஒருவர்.
5. பிடிபடாத, காது வெட்டாத பூனைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

நான் வேலை செய்யும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் இப்படித்தான் எழுதுவோம். நடந்தது மட்டும், நடந்த வரிசையில். யாரால், எதனால் என்பதெல்லாம் அடுத்த தாளில் வரும். இது அடுத்த தாள்.

கவரைப்பேட்டையில் நான் இருப்பது ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மாவின் குடும்பம். பின்பக்கம் தகரக் கூரை போட்ட மூன்று போர்ஷன்கள். அவற்றில் முதலாவதில் நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை, பத்தாவது படிக்கும் மகள் உண்டு. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, கான்ட்ராக்ட்தான். அவருடைய பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். என் வீட்டுக்குக் கடம்பத்தூர்ப் பக்கம் சொந்த நெல்வயல் உண்டு. பூனைகள் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் படிக்கட்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு நின்றிருப்போம்.

பூனைகளைக் கொண்டுவந்தது யாரும் இல்லை. வேலை முடிந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்பியவர்கள் விட்டுவிட்டுப் போனவை சில. அவை போட்ட குட்டிகள் சில. மீன் கடையில் சும்மா கிடைக்கும் தலையும் குடலும் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து அக்கா வைத்துக்கொண்டிருந்தார். நான் சேர்ந்துகொண்ட பிறகு வேலை ஒழுங்காயிற்று. ஒரே இடம், ஒரே வேளை, சாப்பிட்ட தட்டை உடனே எடுத்துவிடுவது, எறும்பு வராமல் கழுவிவிடுவது. சென்னையில் விலங்குகளுக்கான ஒரு தொண்டு மருத்துவமனையை நான்தான் தேடிப் பிடித்தேன். வாகனம் அனுப்புவார்கள், அறுவை சிகிச்சை செய்து திருப்பிக் கொண்டுவருவார்கள். பிடித்துக் கொடுப்பது மட்டும் நம் பொறுப்பு. மூன்று கம்பிக் கூண்டுகளைக் கடனாகக் கொடுத்தார்கள்.

பூனையைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது தானாகக் கூண்டுக்குள் போக வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கூண்டின் கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு, தினமும் வாசலருகே சோறு வைக்க வேண்டும். சில நாள் கழித்துக் கொஞ்சம் உள்ளே. பிறகு இன்னும் உள்ளே. ஒவ்வொரு முறையும் அதே ஓசை. அக்கா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். கடைசியில் தட்டுச் சத்தம் கேட்டதும் பூனைகள் வால் தூக்கிக்கொண்டு நேராகக் கூண்டுக்குள் போய் உட்காரும். வாகனம் வரும் அன்று கதவை இறக்கினால் போதும்.

அறுவைக்குப் பிறகும் கூண்டில்தான் சோறு வைத்தோம். காய்ச்சல், புண் என்று ஏதாவது வந்தால் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். சரியான காரணம்தான்.

ஆறு பூனைகள் இப்படிப் பழகின. தகரக் கூரை மேலேயே வாழும் இரண்டு பெண் பூனைகளும் ஒரு பெரிய கடுவன் பூனையும் மட்டும் கூண்டுப் பக்கமே வரவில்லை. நாங்கள் உள்ளே போனபின் இறங்கி, வெளியே சிந்தியதைத் தின்றுவிட்டு ஏறிவிடும். அவற்றையும் பிடித்துவிட்டால் தெருவில் இனிக் குட்டி கிடையாது. மூன்று பூனைதான் பாக்கி இருந்தது.

அறிவிப்பு ஒட்டியதற்கும் காரணம் உண்டு. காது வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பூனைக்கு ஏதோ நோய் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கல்லெறிந்தார். எங்கள் தொழிற்சாலையில் சோதித்து முடித்த பாகத்தின் மேல் பச்சைப் புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் யாரும் தொட மாட்டார்கள், அது தேறிவிட்டது. காதும் எனக்கு அப்படித்தான். அதனால் தெளிவாகத் தட்டச்சு செய்து ஒட்டினேன்: காது நுனி வெட்டப்பட்ட பூனைகள் கருத்தடை செய்யப்பட்டவை, எங்கள் பராமரிப்பில் உள்ளவை, துன்புறுத்தாதீர்கள். கீழே எங்கள் இருவருடைய கதவு எண்களையும் போட்டேன்.

எங்கள் பக்கம் ஆட்டுக்குக் காது வெட்டுவார்கள். மந்தையில் கலந்துவிட்டால் யாருடைய ஆடு என்று தெரிவதற்காக. நான் சிறுவயதில் பார்த்ததுதான். அறிவிப்பு எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கார அம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குக் கட்டிய தூளிப் புடவையில் ஒரு நாள் பூனை மூத்திரம் அடித்துவிட்டுப் போனது. வீடெல்லாம் நாற்றம். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் பின்பக்கம் வந்தபோது நானும் அக்காவும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"இன்னாடி, கொழந்த தூளில வந்து அடிச்சிட்டுப் போது உங்க பூன. நீ பாட்டுக்கு சோறு போட்டுக்கினு கீற?"

அக்கா எழுந்து நின்றார். நான்தான் பேசினேன்.

"ஆன்ட்டி, ஆபரேஷன் பண்ண பூனை அப்படி அடிக்காது. அது கூரை மேல இருக்கற கடுவன். அதுக்குக் காது வெட்டல, பாருங்க."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். காது வெட்டாதது யாரூட்டுதும் இல்ல. அத நான் போயி யார கேக்கறது? வெட்டுனதுக்கு நீங்க ரெண்டு பேரு கீறீங்க. போர்டே போட்டுக்கீறீங்க, நம்பரோட."

"அது அடையாளத்துக்கு ஆன்ட்டி. எங்களுதுன்னு இல்ல."

"அடையாளம் இன்னாத்துக்கு? எங்கூட்ல நாப்பது ஆடு வச்சிருந்தோம். எனுக்குத் தெரியாதா?" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாம் போயாவணும். இல்லன்னா வேற ஊடு பாத்துக்க. நல்ல குடும்பம்னு பாத்து ஊடு குடுத்தேன், அதுக்கு இதான் மரியாத."

என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நான் படி ஏறும்போது, "நீ படிச்ச பொண்ணு, இந்த பேஜாரெல்லாம் உனுக்கு எதுக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அக்காவிடம் வேறு வீடு பார்க்கலாம் என்றேன். நானும் கூட வருகிறேன், சேர்ந்தே தேடலாம் என்றேன்.

"நீ போனா ஊர் பேரு கேப்பாங்க, அப்பா பேரு கேப்பாங்க, சரின்னுடுவாங்க," என்றார் அக்கா. "என்னாண்ட அதுக்கு மேல ஒண்ணு கேப்பாங்க. இந்தம்மா சர்ச்சுக்குப் போறோம்னதும் அத்தோட வுட்டுச்சு. திரும்ப ஒரு தடவ அந்தக் கேள்விக்கு நிக்க என்னால ஆவாது பாப்பா. புள்ளைக்கு பப்ளிக் எக்ஸாம் வேற."

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அவர்கள் பூனைகளை வைத்துக்கொள்வதில்லை, பிடித்த இடத்தில் விடுவதுதான் விதி என்றார்கள். விதி எனக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் தெரிந்த பூனைக் குழுக்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். அழும் முகங்கள் வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. கடம்பத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வெக்கப்போர்ல ஏற்கெனவே நாலு கீது, இதுல காதறுந்தது வேறயா," என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா மழையைப் பற்றிப் பேசினார்.

சனிக்கிழமை எனக்கு இரவு ஷிஃப்ட். ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே தட்டுச் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றது. அதன் மேல் பிராய்லர் கோழி கொண்டுவரும் பிளாஸ்டிக் கூண்டுகள். வீட்டுக்கார அம்மாவின் தங்கை மகன் கோழிக்கடை வைத்திருப்பவன், கையுறை போட்டுக்கொண்டு நின்றான். அக்கா கூண்டருகில் குந்தியிருந்தார். ஒவ்வொன்றாக வந்தது. வால் தூக்கி, நேராக உள்ளே. கதவை இறக்கி, கோழிக் கூண்டின் வாயோடு சேர்த்து வைத்து, அந்தப் பக்கம் தள்ளினார்கள். ஒரு பூனைகூட முரண்டு பண்ணவில்லை. இத்தனை நல்லபடியாகப் பூனை பிடித்து நான் பார்த்ததில்லை.

"பழக்கி வச்சிக்கீறாங்க பாரு," என்றான் அவன், மெச்சுவதுபோல. "எங்கூட்டு நாய் கூட கூப்ட்டா வராது."

"பேசிக்கினே இருக்காத நைனா, வெயில் ஏறுது," என்றார் வீட்டுக்கார அம்மா மாடிப்படியிலிருந்து.

கூரை விளிம்பில் கடுவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு காதும் முழுதாக இருந்தன.

"அதயும் புடிங்களேன்," என்றேன். "தூளில அடிச்சது அதுதான்."

"அது எப்டி மேடம் வரும், காட்டுப் பூன மாதிரி கீது," என்றான்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆறாவதாக வந்தது சாம்பல் நிறப் பெண் பூனை. அது உள்ளே போய்ச் சோற்றில் வாய் வைத்த பிறகுதான் அக்கா கதவை இறக்கினார். "துன்னுட்டுப் போவட்டும்" என்று யாரிடமோ சொன்னார். கூண்டுகளைத் துணியால் மூடினால் பூனைகள் கத்தாது. மாடிக்குப் போய் என் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து மேலே போட்டு, காற்றில் பறக்காமல் நான்கு மூலையும் கட்டினேன். வண்டி கிளம்பியபின் அக்கா அறிவிப்பைக் கிழித்து அடுப்புக்கு வைத்துக்கொண்டார்.

எங்கே விட்டான் என்று அவனே சொன்னான். ஆந்திர எல்லைக்கு முன்னால், நெடுஞ்சாலை ஓரம், மூடிக் கிடக்கும் அரிசி ஆலைக்குப் பின்னால். "எலி நெறைய கீது மேடம். ராஜா மாதிரி இருக்கும்." மூன்று விடுமுறை நாட்களில் அங்கே போனேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ், அதற்கு மேல் நடை. தட்டும் கரண்டியும் ஒரு கூண்டும். முதல் முறை நாய்கள் மட்டும் வந்தன. இரண்டாம் முறை சர்வீஸ் ரோட்டில் ஒன்றைப் பார்த்தேன், லாரி ஏறியிருந்தது. காதை வைத்துத்தான் தெரிந்தது.

மூன்றாம் முறை தட்டியபோது சாம்பல் பூனை வந்தது. முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைத் தெரிந்தது, கத்தியது. கூண்டைத் திறந்து உள்ளே மீன் வைத்தேன். கூண்டுக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்தது. நான் பின்னால் போய் ஒளிந்தேன். அது மீனைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து ஆலைச் சுவரின் ஓட்டைக்குள் போய்விட்டது. மீனை வெளியே எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது நிலைமை இது. கூரை மேல் இருந்த இரண்டு பெண் பூனைகளும் குட்டி போட்டுவிட்டன. ஒன்று மாடிப்படிக்குக் கீழே, இன்னொன்று வீட்டுக்கார அம்மாவின் நெல் மூட்டைகளுக்கு நடுவில். காலியான இடத்துக்கு வெளியிலிருந்தும் புதிதாகச் சில வந்துவிட்டன. எதற்கும் காது வெட்டவில்லை, அதனால் அவை யாருடையவையும் இல்லை, யாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. போன வாரம் வீட்டுக்கார அம்மா என்னை நிறுத்தி, "அந்தக் காது வெட்ற ஆளுங்கள மறுபடி கூட்டினு வாயேம்மா," என்றார். பார்க்கலாம் என்றேன். அக்கா அதே போர்ஷனில் இருக்கிறார். மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அக்கா இப்போதும் மீன் தலை வேகவைத்துச் சோறு வைக்கிறார், தட்டைத் தட்டுவதில்லை. கூண்டுகள் மூன்றும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. மருத்துவமனை அவற்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. நான் இன்னும் பதில் எழுதவில்லை.