சுண்ணாம்பு தடவாத இரண்டு கலயங்கள்

பதநீர் விற்பது, ஊற்றிக் கொடுத்து டம்ளரைக் கழுவினால் முடிகிற தொழில் இல்லை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்; கோர்ட்டு சமாச்சாரத்தைத் தப்பாகச் சொல்லி மறுபடியும் மாட்டிக்கொள்வேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். ரோட்டோரம் கடை போட்டு நிற்கும் அக்கா தங்கச்சிகளுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மறக்கச் சொன்னவர்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் என் கடை. வீட்டுக்காரர் பனை ஏறுவார், நான் விற்பேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்குத் தடை. அது தெரிந்தே ஒரு லாரி டிரைவர் தினமும் குனிந்து கேட்பார்: "ஏனுங்கக்கா, நாளைக்கு ஒரே ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பை மறந்துபோடுங்களேன்!"

சுருக்கென்று இருந்த நாள்

மில் வாட்ச்மேன் ரங்கசாமி அண்ணன் பீடிகூடத் தொடாதவர். ஒரு நாள் மத்தியானம், "இன்னைக்குச் சுருக்குனு நல்லா இருக்குதுங்க அம்மணி" என்று நாலு டம்ளர் குடித்தார். எனக்குச் சளி, வாசனையே தெரியவில்லை. மனுஷன் பாடிக்கொண்டே எழுந்து போய், எதிர் டீக்கடையில் போலீஸ்காரர் சாவியோடு விட்டிருந்த மொபெட்டை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்விட்டார்.

திருட்டுக் கேஸ். மில்லில் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார்: "ஐயோ, ரெண்டு கலயத்தத் தடவாமயே கட்டிப்போட்டேன்!"

வக்கீல் சொன்ன சட்டம்

அண்ணனின் வக்கீல் கடைக்கே வந்தார். போதை என்று தெரியாமல் குடித்து, செய்வது இன்னதென்று புரியாமல் ஒருவர் செய்தால் அது குற்றம் ஆகாதாம். அன்றைக்குக் கொடுத்தது கள்தான் என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சொன்னால் அண்ணன் வெளியே, சொல்லாவிட்டால் உள்ளே.

"அப்படிச் சொன்னா, கள் வித்தவள்னு என்னையப் புடிக்க மாட்டாங்களா?" என்றேன்.

வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார்: "அது வேற கேஸுங்கக்கா. அதுக்கும் நானே வாரேனுங்க."

கூண்டில்

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அண்ணனின் சம்சாரம் கடை முன்னால் வந்து, அண்ணன் குடித்த நாலு டம்ளருக்குக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதற்குமேல் தாங்கவில்லை; கோர்ட்டுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சுண்ணாம்பு தடவலைங்க. அது அவருக்கும் தெரியாதுங்க, எனக்கும் தெரியாதுங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணனுக்கு விடுதலை, எனக்கு எச்சரிக்கை. நீதிபதி பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "குடிச்சவருக்கும் தெரியல, வித்தவங்களுக்கும் தெரியல, பனைமரத்தைத்தான் கூண்டுல ஏத்தணும் போல!"

மறுநாளிலிருந்து இளநீர்தான் விற்கிறேன். உள்ளே என்ன இருந்தாலும் அது நான் ஊற்றியது இல்லை.